பதினெட்டு டிக், ஒரு கையெழுத்து

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினெட்டுக் கேள்விகளுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் போட்ட ஒரு படிவத்தின் கீழே, படித்துக்கூடப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முப்பத்தோரு வருட நர்ஸ் உத்தியோகத்தில் கடைசி ஒன்பது வருடம் ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம், மாடியில் இருக்கிற இந்த மனநல கிளினிக்கில் கழிந்தது. முதல் தடவை வருகிறவர்களை உட்காரவைத்து விசாரிக்கிற வேலை என்னுடையது. இனி அது உங்களுடையது. உங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “புதுசா சேர்ந்திருக்காங்க, அவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க சிஸ்டர்” என்றார். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் ஸ்டாக் இல்லை. நான் அசடு வழிந்த கதை ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

ஏடிஹெச்டி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வருகிற பெரியவர்களைப் பற்றியது இது. ‘கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு’ என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதை ஒரே மூச்சில் படித்து முடிக்கிறவனுக்கு அந்தக் கோளாறு இருக்க வாய்ப்பில்லை, பரிசோதனை முடிந்தது, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நான் சொல்வேன். டாக்டரம்மாவுக்கு இந்த ஜோக் பிடிக்காது. நீங்கள் அவர் எதிரில் சொல்ல வேண்டாம்.

வருகிறவர்கள் ஆளுக்கொன்றை எதிர்பார்த்து வருவார்கள். ஒருவர் தலையை ஸ்கேன் எடுப்போம் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வருவார். ஒருவர் ஊசிதான் என்று முடிவு செய்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உட்காருவார். போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, நோயின் பெயர், மாத்திரையின் பெயர், காலையில் எத்தனை மாலையில் எத்தனை என்பது வரை தீர்மானித்து, டாக்டரின் கையெழுத்துக்கு மட்டும் வருகிற மகான்களும் உண்டு. எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான். மாடிப்படி ஏறும்போதே கழுத்தில் தொங்குகிற கம்பெனி டேகைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிடுவார்கள். கீழ்த்தளத்தில் பல் டாக்டர் இருப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

அன்று சனிக்கிழமை. காலை ஷிப்ட் முடித்தவர்கள் மொத்தமாக வந்து இறங்குகிற நேரம். பெஞ்சில் இடமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் என் மேசைக்கு வந்தார். தினகரன் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரைச் சொல்லக்கூடாது. இருபத்தொன்பது வயது, மணிமங்கலத்துப் பக்கம், கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக லைனில் வேலை.

“சிஸ்டர், திங்கக்கெழமைக்குள்ள டாக்டர் கைல ஒரு லெட்டர் வேணும். கெடைக்குமா?” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. அப்படி நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிட்டு, அதை மூடி மறைக்க ஒரு டாக்டர் லெட்டர் கேட்டு மாதத்துக்கு நாலு பேராவது வருவார்கள். இவர் ஐந்தாவது என்று மனசுக்குள் கட்டம் கட்டிவிட்டேன். எதுவும் கேட்காமல் படிவத்தை நீட்டினேன். உங்களுக்குத் தெரிந்த அதே படிவம்தான். வைத்த பொருளைத் தேடுகிறீர்களா, எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறீர்களா, ஒருவர் பேசும்போதே மனம் வேறெங்கோ போகிறதா, இப்படிப் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’யில் தொடங்கி ‘மிக அடிக்கடி’ வரை ஐந்து கட்டம்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே வரை பதினெட்டு டிக். ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. அடியில் ‘விசாரித்தவர்’ என்று இருக்கிற இடத்தில் அவரே விரலை வைத்து, “இங்க ஒரு சைன் சிஸ்டர்” என்றார். நானும் போட்டேன். நான் விசாரிக்கவே இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். “தம்பி, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா தூங்குங்க, போதும். லெட்டரெல்லாம் இப்படி வந்து கேட்டா கிடைக்காது” என்று கண்டிப்பான குரலில் சொன்னேன். எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடிக்கும். அவர் “சரி சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கால்மணி நேரத்துக்குப் பிறகு, பெஞ்சுப் பக்கம் நின்றிருந்த ஒரு அம்மா ஒரு ஹெல்மெட்டைத் தூக்கிக்காட்டி, “இது யார்துன்னு தெரியலம்மா, நா உக்காரணும்” என்றார். வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு பைக் சாவியும் நாலாக மடித்த காகிதமும் இருந்தன. அடுத்தவர் காகிதத்தைப் பிரித்துப் படிக்கக்கூடாது. பிரித்துப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதம். சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன், யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று கீழே தினகரன் கையெழுத்து. தேதி மட்டும் வரப்போகிற திங்கட்கிழமை. பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில், தனக்கே நினைவூட்டிக்கொள்வது போல இரண்டு வரி: ‘டாக்டர் லெட்டர் கெடச்சா எச்.ஆர். கிட்ட அது. இல்லன்னா இது.’

அந்த லெட்டர்தான் கிடைக்காது என்று நான் கண்டிப்பான குரலில் சொல்லியனுப்பியிருந்தேன்.

டாக்டரம்மா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இந்த வேலையில் எனக்கு வழிகாட்டி யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன், அவருக்கு அது கூச்சமாக இருந்தாலும். படிவத்தையும் கடிதத்தையும் அவர் மேசையில் வைத்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். படிவத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

“எவ்ளோ நேரத்துல எழுதினார்?”

“ஒரு நிமிஷம்கூட ஆகல மேடம்.”

“இது நம்ம ஃபார்மே இல்ல சிஸ்டர். இவங்க மெஷின் பக்கத்துல ஒரு செக் ஷீட் தொங்கும். ஷிப்ட் ஆரம்பிக்கிறப்ப ஆயில் ஓகே, ஏர் ஓகே, கவர் ஓகேன்னு ஒரே இழுப்புல டிக் போடுவாங்க. சூப்பர்வைசர் படிக்காம சைன் போடுவார். இவர் பழக்கத்துல அதை இங்கயும் பண்ணிட்டார். சூப்பர்வைசர் வேலைய நீங்க பண்ணிட்டீங்க.”

“லெட்டர் கேட்டு வந்தார் மேடம். அதான் நடிக்கிறாரோன்னு…”

“லெட்டருக்காக நடிக்கிறவர் எல்லாத்துக்கும் ‘மிக அடிக்கடி’ன்னுதானே போடுவார்? ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு எவராவது லெட்டர் கேப்பாரா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தாலும் விடவில்லை. விட்ட மானத்தைப் பிடிக்கிற அவசரத்தில், “அப்ப இவருக்குக் கண்டிப்பா இருக்கு மேடம். பாருங்க, ஹெல்மெட், சாவி எல்லாத்தையும் மறந்துட்டுப் போயிருக்கார்” என்றேன்.

“ஹெல்மெட்ட மறக்கிறவங்களுக்கெல்லாம் மாத்திரை எழுதினா ஒரகடத்துல மெடிக்கல் ஷாப் பத்தாது சிஸ்டர். இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைக் கேக்கத்தான் அவர் வந்தார். போய்க் கூட்டிட்டு வாங்க.”

போன் பண்ணலாம் என்று படிவத்தைப் பார்த்தேன். போன் நம்பர் எழுத வேண்டிய இடத்தில் கம்பெனி ஊழியர் நம்பரை எழுதியிருந்தார். அதையும் பார்க்காமல்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். என் முழங்காலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அவர் போகவில்லை. சாவியில்லாமல் எங்கே போவார். பல் டாக்டர் போர்டுக்குக் கீழே தன் பைக் பக்கத்தில், பேண்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். என் கையில் ஹெல்மெட்டைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

“மேல வந்து கேட்டிருக்கலாம் இல்ல தம்பி?”

“மூணு வாட்டி படி ஏறி ஏறி எறங்கிட்டேன் சிஸ்டர். இப்பதான் எல்லாம் ஓகேன்னு டிக் போட்டுக் குட்த்துகினு வந்தேன். அதுக்குள்ள சாவியக் காணோம்னு இன்னா மூஞ்சிய வச்சிகினு வந்து நிக்கிறது?”

வெட்கமாக இருந்தது, அவருக்காக இல்லை, எனக்காக. “ஏம்ப்பா எல்லாத்துக்கும் இல்லன்னு போட்ட?” என்று கேட்டேன். விசாரணை என்று நான் அன்று செய்த முதல் காரியம் அதுதான்.

“என்.ஜி. போட்டா லைன் நிக்கும் சிஸ்டர்” என்றார். சரியில்லாததற்கு அவர்கள் பாஷையில் என்.ஜி. “ஏன் என்.ஜி.ன்னு அஞ்சு பேரு வந்து அஞ்சு வாட்டி கேப்பாங்கோ. ஆறு வருசமா ஓகே தான் போட்டுகினு கீறேன். கை தானா போய்ச்சி.”

மேலே கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் நடந்ததுதான் முதல் நாள் சந்திப்பு. எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தது, அதனால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

டாக்டரம்மா அந்தப் படிவத்தை அவர் கண் முன்னாலேயே குப்புறக் கவிழ்த்து வைத்தார். “இங்க ஆடிட் கிடையாது. என்.ஜி. சொன்னா யாரும் உங்க மேல வரமாட்டாங்க. கம்பெனிக்கும் போகாது. சொல்லுங்க” என்றார். முதலில் வரவில்லை. பிறகு வந்தது, நிற்கவில்லை. இடது பக்க பார்ட் வைத்த பெட்டியில் வலது பக்க ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது இந்த வருடத்தில் மூன்று தடவை. ஒரு தடவை ஸ்பேனரை மெஷின் மேலேயே வைத்துவிட்டு ஸ்டார்ட் கொடுக்கப் போனார், பக்கத்தில் இருந்தவர் பார்த்துக் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் எச்.ஆர். கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டர் லெட்டர் கொண்டுவா, இல்லையென்றால் நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று திங்கட்கிழமை வரை கெடு வைத்திருக்கிறார்.

“எதுல நீங்க கெட்டிக்காரர்?” என்று டாக்டரம்மா கேட்டார். வருகிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியை எதிர்பார்க்க மாட்டார்கள். “பிரேக்டவுன்னா என்னத்தான் மேடம் கூப்புடுவாங்க. மெஷின் நின்னா எனக்கு மூள நல்லா வேல செய்யும். ஓடினுக்கீற மெஷினாண்டதான் பிரச்சன” என்றார்.

பிரஷர், நாடித் துடிப்பு, எடை பார்த்தேன். வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா, வலிப்பு உண்டா, தைராய்டு பார்த்திருக்கிறாரா, மனம் சோர்ந்து கிடக்கிறாரா, என்ன குடிக்கிறார், எதை வாயில் அடக்கிக்கொள்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை டீ. எல்லாம் கேட்க வேண்டும், முகத்தைச் சுளிக்காமல் கேட்க வேண்டும். தூக்கம் என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறது. “இப்படி மாத்தி மாத்திப் பாத்தா எனக்கே பேனா எங்க இருக்குன்னு தெரியாது” என்றார் டாக்டரம்மா. “அதனால இது தூக்கம் கெட்டதால வந்ததா, சின்ன வயசுலேர்ந்து இருக்கறதா, அது தெரியணும். சின்னதுல உங்களப் பாத்தவங்க யாரு?”

அவர் சம்மதத்தோடு அவர் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். டாக்டரம்மா, டாக்டர் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, பையன் சின்ன வயதில் எப்படி என்று கேட்டார்.

“எம்புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லம்மா. தங்கம். குடி கெடையாது, ஒண்ணு கெடையாது. பொண்ணு வூட்லேந்து பேசுறீங்களா?”

தினகரனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆக அந்தம்மாவும் ஒரே இழுப்பில் பதினெட்டு டிக் போட்டு முடித்துவிட்டார். நானாக இருந்தால் ‘தாயார் கூற்று: குறை ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பேன். டாக்டரம்மா பெண் வீடு இல்லை என்று புரியவைத்துவிட்டு, வேறு மாதிரி கேட்டார்.

“பள்ளிக்கூடம் படிக்கிறப்ப வருஷத்துக்கு எத்தனை டிபன் பாக்ஸ் வாங்கினீங்கம்மா?”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

“அத்த ஏம்மா கேக்குற. பாக்ஸ் வந்தா மூடி வராது, மூடி வந்தா பாக்ஸ் வராது. அலுத்துப்போய் கடேசில எலைல கட்டிக் குட்த்தேன், அத்தயாச்சும் தொலைக்கட்டும்னு. அவங்க வாத்தியாரு சொல்லுவாரு, உம்புள்ள கிளாஸ்ல கீறான், ஆனா இல்லம்மான்னு. அடிக்காத நாள் கெடையாதும்மா. நானுந்தான் அடிச்சேன்.”

போனை வைத்த பிறகு தினகரன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். “நா சோம்பேறின்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம்” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவசரமாக ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

“அதை நான் இன்னிக்கே முடிவு பண்ண மாட்டேன். ரெண்டு வாரம் பகல் வேலை பாத்து, ராத்திரி தூங்கிட்டு வாங்க. ஸ்கூல் ரிப்போர்ட் கார்ட் இருந்தா எடுத்துட்டு வாங்க.”

“அது தொலஞ்சிப் போச்சி மேடம்.”

மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியதும் லெட்டர் விஷயம் வந்தது. டாக்டரம்மா ஒரே நாளில் நோயின் பெயரை எழுதமாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் தப்புக்குப் பிராயச்சித்தம் தேடி அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். ஒரு வரி மேடம், ஏடிஹெச்டி என்று ஒரு வரி எழுதினால் வேலை தப்பிக்கும். அவர் அசையவில்லை. “தெரியாததை இன்னிக்கு எழுதினேன்னா, நீங்க போட்டீங்களே சைன், அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார்.

கடைசியில் டாக்டரம்மா எழுதினது மூன்றே வரி. இவர் என்னிடம் பரிசோதனைக்கு வந்திருக்கிறார், முடிவு தெரிய இன்னும் சந்திப்புகள் தேவை, அதுவரை பகல் ஷிப்டில் வைத்து, வேலை பற்றிய முடிவைத் தள்ளிப்போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பொய் ஒரு எழுத்து இல்லை. கொடுப்பதற்கு முன்னால் தினகரனிடம் காட்டி, “மேல மனநலம்னு பெருசா அச்சடிச்சிருக்கு. குடுத்தா கம்பெனிக்குத் தெரியும். குடுக்கறதும் கிழிக்கறதும் உங்க இஷ்டம்” என்றார். தினகரன் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார். அவர் அப்படி ஓரிடத்தில் அசையாமல் இருந்ததை அன்று அப்போதுதான் பார்த்தேன். பிறகு மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை, மாத்திரையும் இல்லை. நிறையக் கேள்விகள், மூன்று வரி, அடுத்த தேதி, அவ்வளவுதான். முதல் நாள் என்றால் அவ்வளவுதான், வருகிறவர்களிடம் நீங்களே அதைச் சொல்லிவிடுங்கள்.

சாவியைக் கொடுத்தேன், ஹெல்மெட்டைக் கொடுத்தேன், சரியான போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஃபைலைத் திறந்தால் படிவத்தோடு சேர்ந்து அது உள்ளே கிடக்கிறது. எச்.ஆர். அறையில் அதைத் தேடிக்கொண்டு நிற்பாரே என்று போன் போட்டேன், எடுக்கவில்லை. ஷிப்டில் போன் லாக்கரில் இருக்கும். மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

“சிஸ்டர், என் பேப்பர் ஒண்ணு அங்க கீதா?”

“இருக்கு தம்பி. என் தப்புதான், குடுக்க மறந்துட்டேன்.”

“காலைல எச்.ஆர். ராஜினாமா எழுதி எடுத்தாந்தியான்னாரு. பாக்கெட்ல கைய வுட்டா டாக்டர் பேப்பர்தான் வருது. அது வரல. எல்லா பாக்கெட்டும் தேடிட்டு, மறந்துட்டேன் சார்னேன். அந்தாளு தலைல அட்ச்சிகினு டாக்டர் பேப்பர வாங்கிப் படிச்சாரு. ரெண்டு வாரம் ஜெனரல் ஷிப்ட் பாரு, அப்பால பேசலாம்னுட்டாரு.”

“இத என்ன பண்ணட்டும் தம்பி?”

“இருக்கட்டும் சிஸ்டர். வரசொல்ல வாங்கிக்கிறேன்.”

இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியும் ஸ்டிக்கர் மாறத்தான் செய்தது. ரிப்போர்ட் கார்டை அம்மா பத்திரமாக வைத்திருந்தார், தொலைந்துபோனது என்பது தினகரனின் கற்பனை. மூன்றாவது சந்திப்பில்தான் டாக்டரம்மா ஆமாம், இது ஏடிஹெச்டிதான் என்றார். சின்ன அளவில் மாத்திரை, மாதா மாதம் பிரஷர், கூடவே சில பயிற்சிகள். முதல் மாதம் பசியே இல்லை, புள்ளை இளைச்சிட்டான் என்று அம்மா போனில் எங்களை வறுத்தெடுத்தார். கம்பெனியில் அவரை மெஷின் ரிப்பேர் பார்க்கிற பக்கம் மாற்றினார்கள். எல்லாம் மந்திரம் போட்டது போல் சரியாகிவிடவில்லை, குடை இன்னும் தொலைகிறது.

நீங்கள் படிவத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். எல்லாம் ஓகே என்று வந்தால் டிபன் பாக்ஸைப் பற்றிக் கேளுங்கள். கையெழுத்தைக் கடைசியில் போடுங்கள்.

இன்னொன்று. இரண்டாவது அலமாரியில், மேல் தட்டில் அவருடைய ஃபைல் இருக்கிறது. அந்தக் கடிதம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. ஹெல்மெட் மறக்காமல், சாவி மறக்காமல் மாதா மாதம் வந்து போகிற மனிதர், அதை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ரிடையர் ஆகிற நாள் வரை நானும் நினைவுபடுத்தவில்லை. நீங்களும் நினைவுபடுத்த வேண்டாம்.